ஐம்பத்து நாலு வயது எலும்பு

பரிஸ் நகரின் லா சப்பலில் இருபது வருடமாக அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துச் சீவிக்கிறேன். ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் கடை, அதன் பின்மூலையில் ஒரு மேசை, ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு கதிரை. அந்தக் கதிரைக்குச் சொந்தக்காரி நான். பெயர் மார்கிரட், ஊர் மன்னார், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள் என்று கேட்டால் என் கைவிரல் கால்விரல் காணாது. ஒன்று தாய் பெற்ற நாள், மற்றது களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கடதாசியில் பெற்ற நாள். ஏஜென்சிக்காரன் பெற்ற நாளுக்குக் கேக் வெட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்பதில்லை. கடதாசியில் என்ன இருக்கிறதோ அதைப் பெட்டிக்குள் எழுதுவேன், ஒப்பமிடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பேன்.

வள்ளிநாயகிக்கும் அப்படித்தான் எழுதினேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். பெயர், நாள் எல்லாம் மாற்றியிருக்கிறேன், யாரும் மினக்கெட்டுத் தேட வேண்டாம். 2010இல் குணரத்தினத்தின் மனைவியாக புறநகர் ஓல்னே-சூ-புவாவுக்கு வந்து இறங்கியவள். அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், பேச்சுக் குறைந்த மனிதர். அடுத்த வருடம் மிருணாளினி பிறந்தாள். நாற்பத்து மூன்று வயதில் முதற்பிள்ளையா என்று சனம் மூக்கில் விரல் வைத்தது. 2013இல் பத்து வருட வதிவிட அட்டைக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். பிறந்த திகதி 1968 மார்ச் 11. அந்தப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. இதை நினைவில் வைத்திருங்கள்.

அவளுக்கு வேலை எங்கள் கடைக்கு நாலு கதவு தள்ளியிருந்த சாப்பாட்டுக் கடையில். மேலே சனம் சாப்பிடும், கீழே நிலவறையில் அவள் இடியப்பம் பிழிவாள். அந்த நிலவறையை எங்கள் ஆட்கள் எல்லாரும் ‘காவ்’ என்றுதான் சொல்வார்கள். யன்னல் கிடையாது. காலை ஏழு மணி ரயிலில் வந்து இறங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் படியேறுவாள். குளிர்காலத்தில் வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு. வெயில் காலத்தில் ஒரு பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு வருவாள். “என்ன வள்ளி, பரிஸிலை அடிக்கிற நாலு நாள் வெயிலுக்கும் குடையோ?” என்று நான் சீண்டினால், “கறுத்துப் போயிடுவன் அக்கா” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் இருக்கும். எனக்கு மூன்றே வயது இளையவள் இப்படிக் குழைகிறாளே என்று எனக்குள் ஒரு எரிச்சலும் வரும், உண்மையைச் சொன்னால்.

2022 நவம்பரில் மிளகாய் வறுத்த புகைக்கு அவள் தும்மினாள். தும்மியதற்கு விலா எலும்பு உடைந்துவிட்டது. தும்மினால் தலைப்பின்னல் அவிழும், எலும்பு உடையுமா? முதலாளி முதல் எல்லாரும் பகிடி என்றுதான் நினைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் கோடு தெளிவாக விழுந்திருந்தது.

ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப டொக்டரிடம் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனாள். பதினொரு வயது மகளுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் டொக்டரிடம் அவளை ஒருநாளும் கூட்டிப்போக மாட்டாள். ஆஸ்பத்திரியில் தொலைபேசி வழியாகத் தரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம் என்பாள், மறுமுனையில் தெரிந்த குரலாக இருந்துவிடுமாம். டொக்டர் அவசரக்காரர், திரையைப் பார்த்தபடியே கேட்டார்: மாதவிலக்கு எப்போது நின்றது?

நான் தமிழில் கேட்டேன். அவள் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, “ரெண்டு வருசம்” என்றாள்.

நான் அப்படியே சொன்னேன். சொல்லும்போதே என் நாக்கு ஒரு கணம் தடுக்கியது. போன கிழமைதான் அவள் என் மேசைக்கு ஓடி வந்து, “அக்கா, அவசரமா ஒரு பாட் இருக்கோ?” என்று கேட்டிருந்தாள். மேசை லாச்சியைத் திறந்து மாதவிலக்குப் பஞ்சை எடுத்துக் கொடுத்தவள் நான்.

எலும்பின் அடர்த்தியை அளக்க அனுப்பினார்கள். படுத்த படுக்கையில் கருவி மேலே ஊர்ந்துபோனது, பத்து நிமிடம், நோவில்லை. அறிக்கையில் நிறநிறமாக ஒரு வரைபடம் இருந்தது. கீழ்க்கோட்டில் வயது, பக்கக் கோட்டில் அடர்த்தி. இளவயதில் உயரத்தில் ஓடும் ஒரு அகலமான பட்டை ஐம்பதைத் தாண்டியதும் சரியத் தொடங்குகிறது. அந்தச் சரிவில், பட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அதுதான் வள்ளிநாயகி.

“குறைவுதான்,” என்றார் டொக்டர். “ஆனால் உங்கள் வயதில் பல பெண்களுக்கு இப்படித்தான். கிழமைக்கு ஒரு குளிசை எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.”

“மாதாவே, நன்றி” என்று நான் சிலுவை போட்டுவிட்டு அவளுக்குச் சொன்னேன். மற்றவர்கள் என்றால் இந்த வார்த்தைக்குப் பெருமூச்சு விடுவார்கள். இவளுடைய முகம் வெளிறிப்போனது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். அறிக்கையை என் மேசையில் விரித்தாள். அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். ஐம்பத்து நாலுக்கு மேலே இருந்த அந்தப் புள்ளியில் நகத்தை வைத்தாள். பிறகு, உயரத்தை மாற்றாமல், நகத்தை இடப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டில் நிறுத்தினாள். அந்த இடத்தில் பட்டை எங்கேயோ மேலே இருந்தது. நகம் வெறும் வெள்ளைக் கடதாசியில் நின்றது.

“இஞ்சை இருந்தால் அக்கா? இஞ்சை இருந்தால் பயப்பட வேணுமோ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு லாச்சியைத் திறந்து பாட் எடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

அவள் அழவில்லை. படிவத்துக்கு விபரம் சொல்லுகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். வள்ளிநாயகி அவளுடைய அக்கா. குணரத்தினம் 2004இல் ஊருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்தது அக்காவைத்தான். குடும்பத்தை அழைக்கும் அனுமதி வந்தது 2008 கடைசியில், அப்போது சண்டையால் வன்னிப் பாதை பூட்டு. 2009 சித்திரையில் மாத்தளனில் விழுந்த ஷெல்லில் அக்கா போய்விட்டாள். பன்னிரண்டு வயது இளைய தங்கச்சி முகாமில் இருந்தாள். வெளியே வந்ததும் சொந்தக்காரர் கூடிக் கதைத்தார்கள். அனுமதி இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார், வீணாக்கக் கூடாது. அக்காவின் பிறப்புச் சான்றிதழ், தங்கச்சியின் படம். கோயிலில் ஒரு தாலி. முப்பது வயதுக்காரி நாற்பத்திரண்டு வயதுக்காரியாக விமானம் ஏறினாள்.

“என்ரை பேர் சிவாஜினி,” என்றாள். “இஞ்சை வந்து ஆருக்கும் இதைச் சொன்னதில்லை.”

எனக்கு அவளுடைய வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு படம் இருக்கிறது, சிரித்த முகத்தோடு ஒரு இளம்பெண், பிளாஸ்டிக் மல்லிகை மாலை. யாரும் கேட்டால், “தங்கச்சி, சண்டையிலை செத்துப் போனா” என்பாள். வருடா வருடம் சித்திரையில் திவசம் கொடுப்பார்கள், நானும் இரண்டு தரம் போய் வாழைக்காய்க் கறியும் பாயாசமும் சாப்பிட்டிருக்கிறேன். இப்போதுதான் விளங்கியது, படத்தில் இருப்பது இவளேதான். யாராவது ஒருத்தி செத்தே ஆகவேண்டும் என்ற கணக்கில், அவள் பதின்மூன்று வருடமாகத் தன் சொந்தத் திவசத்துக்குத் தானே சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “இதை இப்ப ஏன் எனக்குச் சொல்லுறாய்? நான் இனி எப்பிடி நித்திரை கொள்ளுறது?” என்று கத்திவிட்டேன். அதுவரை அவளோடு நீர், நீர் என்று கதைத்தவள், அன்றைக்கு என்னை அறியாமலே நீ என்றுவிட்டேன். பிறகும் மாற்றவில்லை.

சங்கதி இதுதான். 2023 பெப்ரவரியில் அவளுடைய வதிவிட அட்டை முடிகிறது. புதுப்பிக்க பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் நாள் கிடைத்திருக்கிறது. இந்த நேரத்தில் எந்தக் கோப்பிலாவது 1980 என்ற இலக்கம் ஏறிவிட்டால் அட்டை போகும், குணரத்தினம் மேல் வழக்கு வரும், மகளுடைய பிறப்புச் சான்றிதழில் தாய் என்று இருப்பது செத்துப்போன பெரியம்மாவின் பெயர். சொல்லாவிட்டால் டொக்டருக்குத் தெரியப்போவதில்லை. ஐம்பத்து நாலு வயது எலும்புக்கான மருந்தை நாற்பத்திரண்டு வயது எலும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

அவள் என்னிடம் சொல்லிவிட்டது தெரிந்து குணரத்தினம் கடைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார். “தங்கச்சி, கார்ட் கைக்கு வரட்டும். அதுவரைக்கும் ஒண்டும் கதைக்க வேண்டாம் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ.”

“அதுக்குள்ளை அவள் உடைஞ்சு போனால்?”

“கார்ட் இல்லாமல் திருப்பி அனுப்பினால் மட்டும் உடையாமல் இருப்பாவோ?”

நல்லாய்க் கிழிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் படிவங்களில் இருப்பது என்னுடைய கையெழுத்து. எனக்கும் பயம். அந்தப் பயத்தோடு டிசம்பர் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டிசம்பரில் அவளுடைய நடை மாறியது. வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். காவுக்கு இறங்கும் பதினான்கு படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். குந்தியிருந்தால் எழும்ப மேசைக்காலைப் பிடிக்க வேண்டும். குடும்ப டொக்டர் வைட்டமின் டி ஒரு குப்பி குடிக்கக் கொடுத்தார், குளிசையைத் தொடரச் சொன்னார். புதுவருடத்துக்கு நாலு நாள் முன்பு, விழாமலே, வெறுமனே நின்ற நிலையில், தொடை எலும்பில் வெடிப்பு, அன்றிலிருந்து கைத்தடி.

ஜனவரி நடுவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்திய நிபுணரிடம் போனோம். அறுபது வயதுப் பெண், நரைத்த தலை, நிதானமாகக் கதைப்பவர். நாங்கள் உள்ளே போகும்போதே சிவாஜினி என் காதுக்குள், “அக்கா, ஐம்பத்து நாலு” என்றாள். கட்டளையா, கெஞ்சலா என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

நிபுணர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். எலும்பு வெளியே மட்டுமே கெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி என்றார். முள்ளந்தண்டு, இடுப்பு, தொடை எலும்பின் தலை எல்லாம் உள்ளே இழை இழையாகப் பின்னப்பட்டு, இடைவெளியில் மஜ்ஜை நிறைந்து இருக்குமாம். படத்தைப் பார்த்த சிவாஜினி, “இடியப்பம் மாதிரி” என்றாள். நான் அதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது என்று முழித்துவிட்டு, அரிசி மாவில் செய்யும் நூல் என்றேன். நிபுணருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

“அதேதான். இரண்டு பொருளால் ஆன நூல். முதலில் உடம்பு மெத்தென்ற புரத நூலை நூற்கிறது. பிறகு சுண்ணாம்பு உப்பு அதில் ஏறி இறுகுகிறது. உங்களை அளந்த கருவி உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நூல் குறைந்துபோனதா, இருக்கிற நூல் இறுகாமல் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது.”

“அப்ப எப்பிடித் தெரியும்?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“வயதை வைத்துத்தான். ஐம்பத்து நாலு, மாதவிலக்கு நின்று இரண்டு வருடம், ஆகவே நூல் குறைந்துவிட்டது. இரத்தத்தில் வைட்டமின் டி போதிய அளவு இருக்கிறது. இன்னொரு இரத்த அளவு கூடியிருக்கிறது, எலும்பு உடைந்தால் அது கூடும்தான். எல்லாம் பொருந்துகிறது. வருகிற வியாழன் நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவோம், பலமான மருந்து, வருடத்துக்கு ஒரு தரம் போதும்.” கோப்பை மூடப் போனவர், எங்களிருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: “இதே எலும்போடு நாற்பது வயதுப் பெண் வந்திருந்தால் இந்த மருந்தைத் தொடவே மாட்டேன். இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஏற்றினால் அது ஆபத்தில் முடியலாம்.”

அந்தக் கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்க வேண்டும்.

சொல்லாமல் விடலாம். ‘வியாழக்கிழமை மருந்து ஏத்துவினம்’ என்று சுருக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டை வரும், என் கையெழுத்தும் தப்பும். சிவாஜினி என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் நாற்பது என்ற இலக்கம் தெரியும்.

ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன்.

அவள் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “சொல்லுங்கோ அக்கா.”

“எதை?”

“என்ரை வயசை.”

“குணரத்தினம் அண்ணை—”

“அவர் கார்டைப் பாக்கிறார். என்ரை பிள்ளைக்குப் பதினொரு வயசு. நான் கட்டிலிலை விழுந்தால் கார்ட் வந்து பிள்ளையைப் பாக்குமோ? சொல்லுங்கோ.”

சொன்னேன். எனக்கு இவ்வளவு பிரெஞ்சு தெரிந்தும் அந்த நேரம் ‘இந்தப் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயது’ என்ற ஐந்தாறு சொல்லைக் கோர்க்க மூன்று தரம் தொடங்க வேண்டியிருந்தது. நிபுணர் பேனையை எடுத்தார். எங்கள் இருவர் கண்ணும் அந்தப் பேனை முனைக்குப் போனதைப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப மூடி மேசையில் வைத்தார்.

“மாதவிலக்கு?”

“இன்னும் வருகிறது.”

“ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் பொலிஸ் இல்லை. இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு நிற்கும், அது சட்டம். அட்டையில் உள்ள திகதி அப்படியே இருக்கட்டும். எலும்பைப் பார்க்கப் போகிற என் நண்பருக்கு மட்டும், நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் எலும்பாகப் பாருங்கள் என்று கைப்பட எழுதுவேன். வியாழக்கிழமை மருந்து இல்லை.”

வெளியே வந்ததும் நடைபாதை வாங்கில் உட்கார்ந்து நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள். முறை மாறிப் போயிற்று.

பெப்ரவரி நடுவில் துண்டு எடுத்தார்கள். அதற்கு முன்பு குறித்த நாட்களில் ஒரு மஞ்சள் குளிசை விழுங்க வேண்டும், புது எலும்பு எங்கே இறுகுகிறதோ அங்கே அது கோடு போட்டுக் காட்டுமாம். தாதிமார் ஒவ்வொரு கதவிலும் கேட்டார்கள்: பெயர் என்ன, பிறந்த திகதி என்ன? அவள் கிளிப்பிள்ளையாக ஒவ்வொரு தரமும் சொன்னாள்: வள்ளிநாயகி, பதினொன்று மூன்று அறுபத்தெட்டு. மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பின் முன்பக்கத்தில் துளைத்து எடுத்தார்கள். பென்சில் துண்டு அளவுக்கு ஒரு உருளை. இரண்டு நுனியிலும் வெள்ளைக் கெட்டி, நடுவில் சிவந்த பஞ்சு. அதைக் குப்பிக்குள் போட்டு ஒட்டிய தாளிலும் அறுபத்தெட்டுத்தான். வேறொரு ஊரில் பார்க்கிறார்கள், ஆறு ஏழு கிழமை ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளிக்குள் பிரிபெக்சர் நாள் வந்தது. குணரத்தினம் விடியவே எழும்பி மூன்று தரம் கடதாசி அடுக்கினாராம். நானும் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், சிவாஜினியைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, “ஐம்பத்து நாலு என்று சொல்லவே முடியாது, மேடம்” என்றாள்.

பாராட்டுத்தான். குணரத்தினத்தின் கையில் இருந்த கோப்பு கீழே விழுந்தது. நான் குனிந்து பொறுக்கும் சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டேன். சிவாஜினி மட்டும் அசையவில்லை. கைத்தடியை மெல்லத் தூக்கி அந்தப் பெண்ணுக்குக் காட்டி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், “எலும்பு கிழவி” என்றாள். யன்னல்காரி பாவப்பட்டு விரல் அடையாளம் எடுத்தாள், தற்காலிகக் கடதாசி கொடுத்தாள். வெளியே வந்தபின் குணரத்தினம் அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டோம் என்பது அப்போதும் அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் முதற்கிழமை நிபுணர் கூப்பிட்டார். இந்தத் தடவை குணரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் சிவாஜினி. முந்தின நாள் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் ஏசவில்லையாம், இரவு சாப்பிடவில்லையாம். அறையில் மூன்றாவது கதிரையின் நுனியில் இருந்தார்.

நிபுணர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். நீலமாக இழைகள், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் தடிப்பாக ஒரு சிவப்புக் கரை.

“நூல் குறையவில்லை,” என்றார். “எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. இந்தச் சிவப்பெல்லாம் உப்பு ஏறாத நூல். நூற்று நூற்றுப் போட்டபடி கிடக்கிறது, இறுகவில்லை. வெயில் காணாத எலும்பு. டிசம்பரில் குடித்த அந்த ஒரு குப்பி இரத்தப் பரிசோதனையை ஏமாற்றிவிட்டது. அந்த வியாழன் நான் மருந்து ஏற்றியிருந்தால், இரத்தத்தில் மிச்சமிருந்த சுண்ணாம்பும் இறங்கி உங்களை அவசர சிகிச்சைக்குத்தான் கொண்டுபோயிருக்கும்.” பிறகு சிவாஜினியைப் பார்த்து, “இது மாறும். துளி மருந்து, சுண்ணாம்பு, பகலில் வெளியே நடப்பது. ஒரு வருடத்தில் கைத்தடியை எறியலாம்.”

நான் சொல்லச் சொல்ல குணரத்தினம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “நான் கொன்றிருப்பன்,” என்றார் தமிழில், யாருக்கும் இல்லாமல். “வாயைப் பொத்தச் சொல்லி இவளை நான் கொன்றிருப்பன்.” அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அன்றைக்கு வடிந்துவிட்டது. என் பங்குக்கு நானும் டிசம்பரில் வாயைப் பொத்தியவள்தானே.

சிவாஜினி அறிக்கையின் பிரதி ஒன்று கேட்டாள். அதில் கடைசிப் பந்தியை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். ‘இழைகளின் எண்ணிக்கையும் பின்னலும் நாற்பதுகளின் தொடக்கத்தில் உள்ள பெண்ணுக்கு உரியவை.’ தலைப்பில் வள்ளிநாயகி, 1968. பிரான்ஸ் முழுவதிலும் அவளைப் பற்றி உண்மை சொல்லும் கடதாசி அது ஒன்றுதான்.

புது அட்டை அந்தக் கிழமையே வந்தது. 2033 வரைக்கும் அவள் வள்ளிநாயகி.

சித்திரைக் கடைசியில் திவசம். மற்ற வருடம் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிடுவார்கள், இந்த வருடம் என்னை மட்டும் வரச் சொன்னாள். அதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்கு வந்து, அக்காவின் ஓரம் கருகிய ஒரு அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கித் தரக் கேட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு, ஒற்றைப் பின்னல், கண்டிப்பான பார்வை. மூன்று தரம் எடுத்துத்தான் முகம் தெளிந்தது.

ஓல்னே வீட்டில் படையல் வைத்திருந்தது. வாழையிலையில் சோறு, வாழைக்காய்க் கறி, பாயாசம். சுவரில் வழக்கமான படம், பிளாஸ்டிக் மாலையோடு. இலைக்கு முன்னால் நான் பெரிதாக்கிய படம். மிருணாளினி அறையிலிருந்து வந்து அதைப் பார்த்து நின்றாள்.

“செ கி, சா?” யார் இது என்று பிரெஞ்சில் கேட்டாள். அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள், கேள்வியும் கேட்பாள்.

“உன்ரை பெரியம்மா. பேர் வள்ளிநாயகி. சண்டையிலை செத்தவா.”

பிள்ளை சிரித்தது. “அம்மா, வள்ளிநாயகி நீங்கள் எல்லோ!” ஆச்சரியத்தில் தமிழ் தானாக வந்துவிட்டது.

குணரத்தினம் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தவர், நிறுத்தினார். சிவாஜினி அலுமாரியைக் காட்டினாள். “அந்த ஆஸ்பத்திரிக் கடதாசியை எடுத்து வாசி. கடைசிப் பந்தி. எனக்கு வாசிக்கத் தெரியாது.”

மிருணாளினி வாசித்தாள், முதலில் கடகடவென்று, பிறகு மெதுவாக. நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். “பிழையா எழுதியிருக்கினம். உங்களுக்கு ஐம்பத்தைஞ்சு.”

“கடதாசி சரி பிள்ளை. மேலை இருக்கிற பேர்தான் எனக்குச் சொந்தமில்லை.”

பிள்ளை தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பதினொரு வயதுக்கு அது எவ்வளவு பெரிய கணக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளை யாரிடமாவது சொன்னால் எல்லாம் முடிந்தது என்று என் மனம் அடித்துக்கொண்டது.

“அப்ப நீங்கள் ஆர்?” என்று கேட்டாள்.

சிவாஜினி கைத்தடியை ஊன்றி எழும்பினாள். சுவரில் இருந்த படத்தைச் சுட்டிக் காட்டினாள்.

மிருணாளினி அந்தப் படத்தருகே போய் முகத்தை உற்றுப் பார்த்தாள். திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு கதிரை ஒன்றை இழுத்து, அதில் ஏறி, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். இறங்கி வந்து, தரையில் இருந்த பெரியம்மாவுக்கு அதைப் போட்டாள்.